சாலையும் சட்டமும் சாமானியரும்

தமிழ் பயில்வோர் அனைவர்க்கும் நீதியைப் பற்றிய இரு கதைகள் இளமை முதலே நெஞ்சில் பதிந்திருக்கும். ஒன்று, மனுநீதிச் சோழன் கதை. திருவாரூர் வீதியில் அரசிளங்குமரன் செலுத்திச் சென்ற தேர்க்காலில் அகப்பட்டு ஓர் ஆன்கன்று மாண்டது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் தொங்கிய மணியை அசைத்தது. மன்னன் செய்தி அறிந்தான். தன் மகன் என்றும் பாராது முறை செய்தான். மற்றொன்று, கோவலன் கதை. பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை நம்பிய பாண்டியன், குற்றம் சாட்டப்பட்டவனை நேரில் காணாமலும், ஒரு வினாவும் வினவாமலும் கொலைத் தண்டனை விதித்தான். சிலம்பினுள் இருப்பது முத்தா மாணிக்கமா என்னும் சான்று, தண்டனை நிறைவேறிய பின்னரே அரசவைக்கு வந்தது.

இன்றைய வழக்கில் கூறுவதாயின் முன்னது சாலை விபத்து. பின்னது திருட்டு வழக்கு. சாமானியர் ஒருவர் தம் வாழ்நாளில் சட்டத்தை நேருக்கு நேர் சந்திக்கும் இடங்களும் பெரும்பாலும் இவ்விரண்டே. அரசியலமைப்பு வழக்கு எல்லோர்க்கும் வருவதன்று. ஆனால், நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் கைகாட்டி நிறுத்துவதும், களவு போன பொருளுக்காகக் காவல் நிலையப் படியேறுவதும், வீட்டுப் பிள்ளை வண்டியில் அடிபட்டான் என்று நள்ளிரவில் செய்தி வருவதும் எவர் வாழ்விலும் நேரக்கூடியன.

சோழன் கதையில் நாம் பெரிதும் வியப்பது மன்னனின் நடுவுநிலைமையை. அதனினும் நுட்பமான செய்தி ஒன்று அக்கதையில் உண்டு. அந்த மணி, வாயற்ற பசுவுக்கும் எட்டும் உயரத்தில் தொங்கிற்று என்பதே அது. இன்றைய சட்டங்களிலும் மணிகள் இல்லாமல் இல்லை. கேட்பதற்கு உரிமை உண்டு, முறையிட வழி உண்டு, இழப்பீடு உண்டு, கட்டணமில்லாத வழக்கறிஞரும் உண்டு. அவை எட்டும் உயரத்தில் தொங்குகின்றனவா என்பதே வினா. சட்டத்தின் கடுமையால் சாமானியர் அடையும் துன்பத்தினும், சட்டம் இன்னதென்று அறியாமையால் அடையும் துன்பமே பெரிது என்பது நம் கருத்து. அவ்வறியாமையை நீக்குவதில் தமிழ்த் துறைகளுக்குத் தனிப் பொறுப்பு உண்டு என்பதையும் இக்கட்டுரையில் வலியுறுத்த விழைகின்றோம்.

எண்கள் மாறின

1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம், 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஆகிய மூன்றும் 2024 ஜூலை 1-ஆம் நாள் விடைபெற்றன. அவற்றின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதினியம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் மூன்று சட்டங்கள் அமர்ந்துள்ளன. அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்கு மட்டும் பழைய தண்டனைச் சட்டமே இன்றும் பொருந்தும்.

ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் பழைய சட்டத்தின் எண்கள் தமிழர் நாவிலே குடியேறிவிட்டன. ‘420’ என்றால் ஏமாற்றுப் பேர்வழி. ‘302’ என்றால் கொலை. ‘144’ என்றால் தடையுத்தரவு. எழுத்தறியாதவரும் அறிந்திருந்த எண்கள் இவை. இன்று ஏமாற்றுதல் 318-ஆம் பிரிவுக்கும், கொலைக்குரிய தண்டனை 103-ஆம் பிரிவுக்கும், தடையுத்தரவு புதிய நடைமுறைச் சட்டத்தின் 163-ஆம் பிரிவுக்கும் இடம்பெயர்ந்துவிட்டன. தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகள் 358 ஆகச் சுருங்கின. உள்ளடக்கத்தின் பெரும்பகுதி பழையதே. எனினும், மக்கள் தாமாகவே கற்று வைத்திருந்த சிறிதளவு சட்ட அறிவும் ஒரே நாளில் செல்லாக் காசாயிற்று. புதிய சட்டங்களின் பெயர்களோ தமிழ் நாவுக்கு எளிதில் வாராதவை. ‘தண்டனைச் சட்டம்’ என்ற சொல், கேட்ட மாத்திரத்தில் தன் பொருளைத் தானே உணர்த்திற்று. ‘நியாய சன்ஹிதா’ என்பது தமிழர்க்கு அவ்வாறு உணர்த்துமா? பெயரே விளங்காத சட்டத்தை, அதற்கு அடங்கி நடக்கவேண்டிய குடிமகன் எவ்வாறு அறிவான்? ‘சட்டத்தை அறியாமை மன்னிப்பிற்குரிய காரணம் ஆகாது’ என்பது நீதிமன்றங்களின் நெடுநாளைய நெறி. அந்நெறி நியாயமாக வேண்டுமாயின், அறிவிக்கும் கடமையும் உடன் வரவேண்டும் அல்லவா?

காவல் நிலைய வாயிலில்

காவல் நிலையத்தில் புகார் கொடுக்கச் சென்று, ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்ற மறுமொழியுடன் திரும்பியோர் நம் ஊர்களில் பலர். புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு இதற்கு விடை கூறுகின்றது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எவ்விடத்தில் நிகழ்ந்திருப்பினும், எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் அளிக்கலாம். மின்னணு வழியிலும் அனுப்பலாம். அவ்வாறு அனுப்பியவர் மூன்று நாள்களுக்குள் நேரில் கையொப்பமிட வேண்டும். வாய்மொழியாகக் கூறியதை எழுதிக்கொண்ட அலுவலர் அதனைப் படித்துக் காட்ட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் படியைக் கட்டணமின்றி உடனே தரவேண்டும். இத்தகைய குற்றத்தைக் குறித்த தகவல் வந்தால் வழக்குப் பதிவு செய்வது கட்டாயம் என்று, 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குட்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் மட்டும், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியுடன் 14 நாள்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தப் புதிய சட்டம் இடந்தருகின்றது. பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் எழுதலாம். அதுவும் பயன்படாவிடில் நடுவர் நீதிமன்றத்தை நாடலாம்.

விசாரணைக்கு அழைக்கப்படுவோர்க்கும் காப்புகள் உண்டு. பெண்கள், 15 வயது நிரம்பாத சிறுவர், 60 வயது கடந்த முதியோர், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றோர் ஆகியோரைச் சாட்சி விசாரணைக்காகக் காவல் நிலையத்திற்கு வரக் கட்டாயப்படுத்துதல் கூடாது. அவர்தம் இல்லத்திலேயே விசாரித்தல் வேண்டும். புலனாய்வின்போது காவல் அலுவலர் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில், அதைக் கூறியவர் கையொப்பமிட வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கின்றது. வெற்றுத்தாளில் கையொப்பமிடுவது பற்றிக் கூறவே வேண்டியதில்லை. கைதானவர்க்குக் கைதின் காரணத்தைச் சொல்ல வேண்டும். உறவினர்க்குத் தெரிவிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். கோவலனுக்குக் கிடைக்காத அந்த ஒரு வினா, இன்று அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்பில் எழுதப்பட்டுள்ள உரிமையாகும்.

‘ஏட்டில் எழுதியிருப்பதைக் காவல் நிலையத்தில் பேச முடியுமா? பேசினால் அடியன்றோ விழும்?’ என்று கேட்போர் உண்டு. அவ்வச்சம் பொய்யன்று. தனியொருவராக, இரவு வேளையில், எளியவர் ஒருவர் பிரிவு எண்களைச் சொல்வதால் மட்டும் காப்புப் பெற்றுவிடமாட்டார். எனவேதான் அறிவு தனிமனிதரிடம் மட்டும் இருந்தாற் போதாது, தெருவில் இருக்கவேண்டும் என்கின்றோம். உடன் செல்லும் இருவர் விவரம் அறிந்தவராயின் காவல் நிலையத்துப் பேச்சு மாறும். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், காவலில் உள்ளோர் முதலியோர்க்கு அவர்தம் வருமானம் எதுவாயினும் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்னும் தொலைபேசி எண்ணை அழைத்தால் வழி கூறுவர். நாற்பது திரைப்படப் பாடல்களை மனப்பாடமாக அறிந்த நம் மாணவருள் இவ்வைந்து இலக்கங்களை அறிந்தவர் எத்தனை பேர்?

அறியாமையின் விலை சிறைவாசமாகவும் அமையக்கூடும். 1979-இல் உச்சநீதிமன்றத்தின் முன் வந்த ஹுசைனாரா காத்தூன் வழக்கு, பீகார் மாநிலச் சிறைகளின் கதவைத் திறந்து காட்டிற்று. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் விதிக்கப்படக்கூடிய தண்டனைக் காலத்தினும் மிகுந்த காலம், விசாரணைக் கைதிகளாகவே பலர் அங்கே அடைபட்டிருந்தனர். பிணைக்குப் பொருளும் வாதிட வழக்கறிஞரும் இல்லாமையே அவர்தம் குற்றம். விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று அவ்வழக்கில் நீதியரசர் பி.என். பகவதி உள்ளிட்டோர் அறிவித்தனர். எனினும், 2022-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கு பேரில் மூவர் குற்றவாளி என்று தீர்ப்புப் பெறாதவர். புதிய சட்டத்தின் 479-ஆம் பிரிவு, முதன்முறை குற்றம் சாட்டப்பட்டவர் உச்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்திருந்தால் பிணையில் விடுவிக்கப்பட வேண்டும் என்கின்றது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்கள் இதற்கு விலக்கு. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு உடையவர்க்கும் இது பொருந்தாது. உள்ளே இருப்பவரின் குடும்பத்தார் இதனை அறிந்திருந்தால் அன்றோ கேட்பர்?

ஒரே அபராதம், வேறு வேறு சுமை

இனிச் சாலைக்கு வருவோம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் பெருந்திருத்தம் பெற்றது. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. தலைக்கவசம் அணியாமைக்கு 1,000 ரூபாய். உரிமமின்றி ஓட்டினால் 5,000. காப்பீடு இல்லையேல் முதன்முறைக்கு 2,000. மது அருந்தி ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, அன்றி இரண்டுமோ.

சட்டத்தின் முன் அனைவரும் சமம். ஆனால் ஆயிரம் ரூபாயின் முன் அனைவரும் சமமல்லர். மகிழுந்தில் செல்வோர்க்கு அது ஒரு வேளை உணவகச் செலவு. நாளொன்றுக்கு ஐந்நூறு ரூபாய் கூலி பெறுவோர்க்கு அது இரு நாள் அடுப்பு. ஆகவே அபராதத்தைக் குறைக்க வேண்டும் என்று வாதிடுவோர் உளர். நாம் அதற்கு உடன்படோம். ஏழையின் தலையும் அதே எலும்பால் ஆனது; அவர் விழுந்தால் வீழ்வது ஒரு குடும்பம். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 உயிர்கள் போயின. அவற்றுள் தமிழ்நாட்டில் போனவை 17,884. நாடு முழுவதும் மாண்டோரில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் தலைக்கவசம் அணியாத இருசக்கர வாகன ஓட்டுநரும் பின்னிருந்தோரும் ஆவர். இவ்வெண்களை வைத்துக்கொண்டு தலைக்கவச விதியைக் கொடுமை என்று கூற மனம் ஒப்பவில்லை.

நாம் கேட்பது வேறு. அபராதம் விதிப்போர் இன்ன பிரிவின்படி இன்ன குற்றம் என்பதைத் தமிழில் எழுதிய சீட்டில் தரவேண்டும். குற்றத்தை மறுப்பவர் உடனே பணம் கட்டாது நீதிமன்றம் செல்லலாம் என்பதையும் அச்சீட்டே அறிவிக்க வேண்டும். உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு ஆகியவற்றை டிஜிலாக்கர் போன்ற அரசுச் செயலிகளில் கைப்பேசியிலேயே காட்டலாம் என்பதை ஊரறியச் சொல்ல வேண்டும். சட்டம் சாலை அமைப்போரையும் கட்டுப்படுத்துகின்றது. வகுத்த பாதுகாப்புத் தரத்தைச் சாலை ஒப்பந்ததாரர் கடைப்பிடிக்காமையால் உயிர்ச்சேதமோ ஊனமோ நேரின், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 198-அ பிரிவு வகை செய்கின்றது. தலைக்கவசத்தின் ஆயிரம் ரூபாயை அறியாதார் இலர். ஒப்பந்ததாரரின் ஒரு லட்சத்தை அறிந்தாரும் இலர். அறிவு ஒரு பக்கமாகவே சென்று சேர்ந்தால் சட்டமும் ஒரு பக்கமாகவே சாயும்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். சீட்டு வேண்டாம் என்று பாதிப் பணத்தைக் கையில் திணித்து நகர்வதைச் சாமர்த்தியம் எனக் கருதுகின்றோம். 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கையூட்டுக் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தினால் கொடுக்க நேர்ந்தவர் ஏழு நாள்களுக்குள் உரிய அமைப்பிடம் தெரிவித்தால் மட்டுமே விலக்கு உண்டு. பதினைந்து வயது மகன் வண்டி ஓட்டும் அழகை வாயிலில் நின்று கண்டு மகிழும் தந்தையர் பலர். அச்சிறுவன் பிடிபட்டால், வண்டியின் உடைமையாளர் அல்லது பெற்றோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு நீக்கப்படும். மகனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. பரிசாகத் தந்த வண்டியே பகையாக முடிவதை அத்தந்தையர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

விபத்துக்குப் பின்

சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கச் சுற்றி நிற்போர் கையைப் பிசைந்து நிற்பதற்குக் காரணம் இரக்கமின்மை அன்று. ‘போலீஸ், கோர்ட் என்று அலையவேண்டி வரும்’ என்ற அச்சமே. அவ்வச்சத்திற்கு இன்று இடமில்லை. 2016-இல் உச்சநீதிமன்றம் ஏற்பளித்த நெறிமுறைகளும், 2019-இல் சேர்க்கப்பட்ட 134-அ பிரிவும் உதவுவோரைக் காக்கின்றன. நன்னோக்குடன் உதவியவர் மீது உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடர இயலாது. தம் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் அவர்க்கு இல்லை. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் சிக்கியவர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிப்பதற்கு உருவானது. 108 என்னும் எண்ணை அழைப்பவர் ஓர் உயிரைக் காக்கிறார். தமக்கு வம்பு எதையும் தேடிக்கொள்வதில்லை.

அடுத்து, நம் ஊர்ப் பெரியவர்களிடமும் ஜமாஅத் நிர்வாகிகளிடமும் பணிவுடன் ஒன்று கூற விரும்புகின்றோம். விபத்து நேர்ந்தவுடன் இருதரப்பாரையும் அழைத்துப் பேசி, ‘வழக்கு வேண்டாம், ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டாம்’ என்று ஒரு தொகையை வாங்கித் தந்து, தாளில் எழுதி வாங்கிவிடுவது பல ஊர்களில் வழக்கமாக உள்ளது. நல்லெண்ணத்தால் செய்வதே இது. எனினும், இதனால் யார் எதனை இழக்கின்றனர் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

முப்பது வயதுடைய ஒருவர், மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் சுயதொழிலாளி, பிறர் வண்டி மோதி இறந்தார் எனக் கொள்வோம். மனைவி, இரு குழந்தைகள், தாய் என நால்வர் அவரை நம்பி வாழ்ந்தோர். உச்சநீதிமன்றம் 2009-இல் சர்லா வர்மா வழக்கிலும், 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்த முறைப்படி கணக்கு வருமாறு: ஆண்டு வருமானம் 1,80,000. எதிர்கால உயர்வுக்காக 40 விழுக்காடு கூட்டினால் 2,52,000. அவர்தம் சொந்தச் செலவுக்கென நான்கில் ஒரு பங்கு கழித்தால் 1,89,000. அவ்வயதுக்குரிய பெருக்கெண் 17. ஆக 32,13,000 ரூபாய். பிற தலைப்புகளில் வருவன இதற்கு மேல். இறந்தவர் பக்கமும் பிழை இருந்தால் அவ்வளவுக்குக் குறையலாம். இத்தொகையை மோதிய வண்டியின் காப்பீட்டு நிறுவனமே பெரும்பாலும் செலுத்தும்; ஓட்டியவரின் குடும்பத்தையும் அது வறுமையில் தள்ளுவதில்லை. ஐம்பதாயிரத்துக்கோ ஒரு லட்சத்துக்கோ சமரசம் பேசி முடித்தவிடத்து, அந்தக் கைம்பெண் இழப்பது எவ்வளவு என்பதைப் பெரியோரே கணக்கிட்டுக் கொள்ளலாம். மேலும், கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றம் இருதரப்பார் தாமே பேசி முடித்துக்கொள்ளத்தக்க குற்றங்களின் பட்டியலில் இல்லை. அதற்குரிய தண்டனை புதிய சட்டத்தின் 106(1) பிரிவில் ஈராண்டிலிருந்து ஐந்தாண்டு வரை உயர்ந்துள்ளது. தகவல் கொடாது தப்பியோடுவோர்க்குப் பத்தாண்டு வரை சிறை விதிக்கும் 106(2) பிரிவு, 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர் நடத்திய போராட்டத்திற்குப் பின், பிற பிரிவுகளுடன் சேர்த்து நடைமுறைப்படுத்தப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டது.

ஆகவே பெரியோர் செய்யத்தக்கது, முதல் தகவல் அறிக்கை பதிவாவதை உறுதி செய்து, இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திற்கு வழிகாட்டுவதே. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், விபத்து நிகழ்ந்த ஆறு மாதத்திற்குள் மனு அளிக்க வேண்டும் என்கின்றது. இக்கெடுவை எதிர்த்து உச்சநீதிமன்றத்தில் வழக்குகள் தொடரப்பட்டுள்ளன. ஆயினும் காலந்தாழ்த்தாமையே நன்று. மோதிய வண்டி இன்னதென்று தெரியாத நிலையிலும் இறப்புக்கு இரண்டு லட்சமும் கொடுங்காயத்திற்கு ஐம்பதாயிரமும் பெற வழியுண்டு.

வண்டியை விற்போரும் ஒன்றை மறத்தலாகாது. பணத்தை வாங்கிக்கொண்டு, படிவத்தில் கையொப்பமிட்டு, சாவியைக் கொடுத்தால் விற்பனை முடிந்தது என்று எண்ணுகின்றோம். பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உடைமையாளர் என்று 2018-இல் உச்சநீதிமன்றம் உறுதிபடக் கூறிற்று. வாங்கியவர் காப்பீடின்றி ஓட்டி எவரையேனும் மோதினால், விற்றுவிட்டு மறந்தவர் வீட்டுக்கு அழைப்பாணை வரும். பெயர் மாற்றம் பற்றி விற்றவர் 14 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி, அவரைக் காப்பதற்கே உள்ளது.

வாய்தா என்னும் சொல்

மேற்கூறிய எதுவும் மறைபொருள் அன்று, அச்சில் உள்ளவையே. ஆயினும் மக்களைச் சென்று சேராமைக்கு மொழி ஒரு பெருங்காரணம். நம் நீதிமன்றத் தமிழை உற்று நோக்கினால் ஒரு வரலாறு தெரிகின்றது. வக்கீல், ஜாமீன், வாய்தா, தாவா, முன்சீப், அமீனா, கைது, ஜப்தி முதலியன அரபு மூலத்தினின்று பாரசீக, உருது வழக்குகளின் வாயிலாகத் தமிழுக்கு வந்தவை. வக்கீல் என்பார் பிறர் சார்பில் நிற்பவர். ஜாமீன் என்பார் பொறுப்பேற்பவர். அமீன் என்பார் நம்பத்தக்கவர். முன்சீப் என்பார் நீதி செய்பவர். வாய்தா என்பதன் மூலப்பொருள் வாக்குறுதி. அச்சொல் இன்று மக்கள் நாவில் எப்பொருளில் வழங்குகின்றது? தள்ளிப் போடுதல் என்னும் பொருளில். நீதிமன்றம் தந்த வாக்குறுதி, மக்களின் பட்டறிவில் தவணையாகத் தேய்ந்துவிட்டது. ஒரு சொல்லின் பொருள் திரிந்த கதையே ஒரு சமுதாயத்தின் பெருமூச்சாக அமைந்துவிட்டதைக் காண்கின்றோம்.

இப்பணி தமிழறிஞர்க்குப் புதிதன்று. மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக வீற்றிருந்தவர். தமிழின் முதல் நாவலைத் தந்தவர். அவர் 1805 முதல் 1861 வரையிலான உயர் முறைமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862-இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் நூலாக வெளியிட்டார். நாகூரில் பிறந்து சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயீல், கம்பனில் தோய்ந்த தமிழறிஞர். நெருக்கடி நிலைக் காலத்தில் சென்னை மத்தியச் சிறையில் கைதிகள் துன்புறுத்தப்பட்டதை விசாரித்த ஆணையத்தின் தலைவரும் அவரே. தமிழும் சட்டமும் ஒருவர் நெஞ்சிலேயே இணைந்து வாழலாம் என்பதற்கு இவ்விருவரே சான்று. 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின்னர் வந்த திருத்தங்களால் கீழமை நீதிமன்றங்களில் தமிழ் இடம்பெற்றது. உயர்நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் எனச் சட்டமன்றம் 2006 டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியும், அது இன்னும் நிறைவேறவில்லை.

செய்யத்தக்கன

‘தமிழ்த் துறைக்கும் மோட்டார் வாகனச் சட்டத்திற்கும் யாது தொடர்பு?’ என வினவுவோர் இருக்கலாம். மொழியைக் கற்பிப்பது வாழ்வைக் கையாளக் கற்பிப்பதே என்பது நம் விடை. மூன்றாண்டு தமிழ் பயின்று பட்டம் பெற்ற மாணவர், தம் தெருவிலுள்ள மூதாட்டிக்கு ஒரு புகார் மனுவைப் பிழையற எழுதித் தர இயலாவிடில், நம் பாடத்திட்டத்தில் எங்கோ குறை உள்ளது. மடல் எழுதும் பயிற்சியில் ‘நண்பனுக்குக் கடிதம்’ இருக்குமிடத்தில் ஒரு புகார் மனு, ஓர் இழப்பீட்டு மனு, அபராதச் சீட்டுக்கு மறுப்பு ஆகியனவும் இடம்பெறட்டும். மொழிபெயர்ப்புத் தாளில் ஆண்டுதோறும் சட்டப் பகுதிகள் சில எளிய தமிழுக்கு மாற்றப்படட்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் துணையுடன் கல்லூரி வாயிலில் திங்களுக்கொரு முறை உதவி மேசை அமையட்டும். பெரியோர் மனம் வைத்தால், 108, 15100 ஆகிய எண்களும், முதல் தகவல் அறிக்கையின் படி இலவசம் என்பதும், வெற்றுத்தாளில் கையொப்பமிடலாகாது என்பதும் ஜமாஅத் அலுவலகப் பலகையிலும் தேநீர்க்கடைச் சுவரிலும் இடம்பெறும். நான்கு வரிகள், அவ்வளவே.

சட்டத்தை அறிந்த மக்கள் சட்டத்தை ஏய்ப்போராக மாறுவர் என்று அஞ்ச வேண்டியதில்லை. அறியாதவர்க்கே சட்டம் அச்சம். அச்சம் உள்ளவிடத்தில்தான் கையூட்டும் ஏய்ப்பும் வளர்கின்றன. அறிந்தவர்க்கு அது வேலி. தமக்கும் காப்பு, பிறர்க்கும் காப்பு. கேட்கும் உரிமையையும் கட்டுப்படும் கடமையையும் ஒருசேர உணர்ந்த தலைமுறை நம் வகுப்பறைகளிலிருந்து எழுதல் வேண்டும். அதற்கு முதற்படியாக, இம்மலரைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தம் வண்டியின் காப்பீடு எந்நாளில் முடிகின்றது என்பதை இன்றே ஒருமுறை எடுத்துப் பார்க்குமாறு வேண்டுகின்றோம்.